தாள் வெட்டுக் கலை: கை பழகிவிட்டது, எதை வெட்டுவது?

மண்டபம் ஆசிரியை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தாள் வெட்டுக் கலையைப் பழகி வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் மயில், மண்டலா, பூச்சட்டம் போன்ற மாதிரிப் படங்களை அச்செடுத்து, கறுப்புத் தாளின்மேல் வைத்து, கூர்நுனிக் கத்தியால் வெட்டுகிறேன். முன்பெல்லாம் கிழிந்துபோன மெல்லிய இழைகள்கூட இப்போது சேதமின்றி வந்துவிடுகின்றன, பார்ப்பவர்களும் பாராட்டுகிறார்கள். ஆயினும் முடித்த தாளைத் தூக்கிப் பார்க்கும்போது, வேறு யாரோ தீர்மானித்த உருவம் என்ற எண்ணமே வருகிறது. எனக்கென்று ஒரு நோக்கத்தோடு இதைத் தொடர விரும்புகிறேன். எதை வெட்டுவது, எதற்காக வெட்டுவது என்பதை நீங்கள் எவ்வாறு கண்டுகொண்டீர்கள்? கடற்கரை ஊரில் தாள் ஈரமேறிச் சுருள்வதற்கும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

கீழக்கரைக் கத்தரி:

அம்மா, மாதிரிப் படங்களைச் சில காலம் ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஊர்க் கரையில் ஒதுங்கும் மரிக்கொழுந்து என்னும் கடற்பாசியில் ஒரு கொத்தை எடுத்து, வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றிப் பரப்பிப் பாருங்கள். வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கிளைகள், நீருக்குள் தனித்தனியே விரியும். அதைப் பென்சிலால் வரையத் தொடங்கியதுமே, எந்தக் கிளையை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி எழும். ஓவியத்தில் ஒரு புள்ளியைத் தனியே எங்கும் வைக்கலாம். ஒரே தாளில் வெட்டும்போதோ ஒவ்வொரு பகுதியும் இன்னொன்றைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் உதிர்ந்துவிடும். எது எதைத் தொட வேண்டும் என்று நீங்கள் முடிவெடுக்கும்போதுதான் உருவம் உங்களுடையதாகிறது. அச்செடுத்த படத்தில் அந்த முடிவை வேறொருவர் முன்பே எடுத்துவிட்டார். உங்கள் மனக்குறைக்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பனையோலையை வெட்டிப் பார்த்தாலும் இது விளங்கும். விசிறிபோல் பிரியும் வெட்டுகள் அனைத்தும் காம்பருகே ஒரே இடத்தில் வந்து முடிந்தால், அந்த இடம் நைந்து கிழிந்துவிடும். ஆகவே அவற்றைக் காம்புக்கு வெகு முன்னரே நிறுத்த வேண்டியிருக்கிறது. உண்மையான ஓலையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதுவும் காம்புவரை பிளந்திருப்பதில்லை. தாளின் தேவையும் ஓலையின் அமைப்பும் இப்படிப் பொருந்திவருவதைக் கண்டபின், நான் மாதிரிப் படங்களைத் தேடுவதையே விட்டுவிட்டேன்.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941ஆம் ஆண்டு பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். நெடுநேரம் நின்று தீட்ட முடியாமற்போன பிந்தைய ஆண்டுகளில் கத்தரிக்கோலும் வண்ணம் பூசிய தாளுமே அவருடைய முதன்மைக் கருவிகளாயின. 1946இல் அவர் வெள்ளைத் தாளில் வெட்டிச் சுவரில் பொருத்திய மீன்களும் பாசிகளும் பவளங்களும், 1930இல் தஹித்திக்குச் சென்றபோது கண்ட கடலின் நினைவிலிருந்து வந்தவை. ஒருமுறை சென்று பார்த்த கடல் அவருக்கு அவ்வளவு கொடுத்திருக்கிறது என்றால், மன்னார் வளைகுடாவின் கரையிலேயே வாழும் நமக்குக் கருப்பொருளுக்கு என்ன குறை?

தொண்டி வண்ணத்தாள்:

மேலே சகோதரி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது பாதி விடைதான். எதை வெட்டுவது என்பதைக் காட்டிலும், வெட்டியது எங்கே போய்ச் சேரப் போகிறது என்பதே நோக்கத்தைத் தரும் என்பது என் கருத்து. எங்கள் குடும்பத்தில், தர்கா விழாவில் ஊர்வலமாக வரும் சந்தனக்கூட்டுக்கு வண்ணத்தாள் மடித்து வெட்டி ஒட்டும் பழக்கம் உண்டு. மூங்கில் சட்டத்தின் எந்தப் பக்கத்துக்கு, எவ்வளவு உயரத்தில் என்று தெரிந்தபின்தான் கத்தரியையே எடுப்போம். சீனாவில் வசந்த விழாவுக்குச் சன்னல்களில் ஒட்டவே தாள் வெட்டுகிறார்கள். அந்தக் கலை 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மதுரா, பிருந்தாவனத்தின் சாஞ்சிக் கலையில் வெட்டிய தாள் ஒரு கருவிதான். அதைத் தரையில் பரப்பி, இடைவெளிகளில் வண்ணப்பொடி தூவி, கண்ணன் கதைக் காட்சிகளை உருவாக்குகிறார்கள். நம் வாசல் கோலத்துக்கு இது அயலானதன்று. மார்கழிக்கு உங்கள் தெருவுக்கென்று ஒரு தாள் அச்சு வெட்டிப் பாருங்களேன்.

பாம்பன் தச்சர்:

ஈரத்துக்கு மட்டும் சொல்கிறேன். தாளைச் சுருட்டி வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு தட்டையாக வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள) தாள் நன்றாக நிற்கும். கத்தியில் தையல் மெஷின் எண்ணெயை இலேசாகத் தடவி வைத்து, வெட்டுமுன் முழுவதும் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் முதலில் துருவேறுவது நுனிதான். சட்டமிடும்போது தாளின் பின்புறம் முழுவதும் பசை பூச வேண்டாம். சில இடங்களில் மட்டும் தொட்டு ஒட்டினால், ஈரத்தில் விரிந்தாலும் அலையலையாக எழும்பாது.

மண்டபம் ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் தெருவில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறித்து வரும் அவர்களுக்கு ஒவ்வொரு வகையும் பெயரோடு தெரியும். அவர்களுடைய பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலோ அவற்றில் ஒன்றையும் நான் கண்டதில்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகிய மூன்றையும் பெரிய அளவில் வெட்டி, பெயரெழுதிப் பள்ளி வகுப்பறைக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். வரைந்ததைச் சரிபார்க்க அந்தப் பெண்களையே அழைத்திருக்கிறேன். ஓர் ஐயம்: கட்டக்கோரையில் சிறு காற்றுக் குமிழ்கள் மெல்லிய காம்பில் நிற்கின்றன. அந்தக் காம்பை வெட்டினால் தாள் தாங்குமா?

கீழக்கரைக் கத்தரி:

தனிக் காம்பாக விட்டால் தாங்காது, அம்மா. குமிழின் ஒரு பக்கம் அருகிலுள்ள இலையைத் தொடுமாறு வரைந்துவிடுங்கள். காம்பும் இலையுமாக இரண்டு இடங்களில் பிடிப்பு இருந்தால் போதும். எல்லாக் குமிழ்களையும் காட்ட வேண்டியதில்லை, கிளைக்கு இரண்டு மூன்று போதும். உள்வெட்டுகளை முதலில் முடித்து, வெளிவிளிம்பைக் கடைசியில் வெட்டுங்கள். வளைவுகளில் கத்தியைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள்.