அகராதிப் பொருள் தெரிந்தும் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதுகிறேன்: எப்படிப் படிப்பது?

பென்னாகரம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். வங்கி அதிகாரித் தேர்வுக்காக எட்டு மாதங்களாக, நாளொன்றுக்குப் பத்து என்ற கணக்கில், கடினமான ஆங்கிலச் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, எதிரே தமிழ்ப் பொருளையும் குறித்து மனப்பாடம் செய்து வருகிறேன். கேட்டால் பொருளைச் சொல்லிவிடுவேன். எழுத உட்கார்ந்தால்தான் தடுமாறுகிறேன். சென்ற மாதம் நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியை பணி ஓய்வு பெற்றபோது, ஆங்கில வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். 'நொட்டோரியஸ்' என்ற சொல்லுக்கு என் குறிப்பேட்டில் 'பலரும் அறிந்த' என்று இருந்ததால், அவரை அந்தச் சொல்லாலேயே பாராட்டி எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் சித்தப்பா பார்த்து, அது கெட்ட பெயரெடுத்தவரைக் குறிக்கும் சொல் என்று திருத்தினார். எனக்கு எழுத்தறிவித்தவரை அப்படி எழுத இருந்தேனே என்று அன்றிரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. இரண்டாயிரத்துக்கு மேல் சொற்கள் சேர்த்த பிறகும் இந்த நிலை என்றால், நான் படிக்கும் முறையில் எங்கே பிழை?

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், காவேரிப்பட்டணம்:

உங்கள் உழைப்பில் பிழையில்லை அம்மா. குறிப்பேட்டின் வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழில் சிக்கனம், கஞ்சத்தனம் இரண்டுமே குறைவாகச் செலவு செய்வதுதான். ஆனால் ஒருவரைக் கஞ்சர் என்று மேடையில் நாம் பாராட்டுவதில்லை. 'ஃப்ரூகல்', 'ஸ்டிஞ்சி' என்ற சொற்களுக்கு இடையே உள்ள தொலைவும் அதுவே. பொருளோடு, அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதையும், எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதையும் எழுதாவிட்டால், படித்தது பாதிதான்.

நம் வட்டாரத்திலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஃப்ளூரோசிஸ் மிட்டிகேஷன்' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ளூரைடு என்ற உப்பு மிகுந்த நீரைக் குடிப்பதால் பல்லையும் எலும்பையும் தாக்கும் நோய்தான் ஃப்ளூரோசிஸ். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் அந்த ஃப்ளூரைடு மிகுந்த ஊர்கள் பல. பல்லில் பழுப்புக் கறை படிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பாடம் ஒப்பித்த பிள்ளைகளை என் வகுப்பில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது. படிந்த கறை நல்ல நீர் வந்ததும் தானே மறைந்துவிடாது. இனி வரும் கேட்டின் கடுமையைத்தான் அந்த நீர் தணிக்கும். 'மிட்டிகேட்' என்பது ஒழித்தல் அன்று, தணித்தல். மென்மை என்று பொருள்படும் 'மிட்டிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆபத்து, சேதம், பாதிப்பு ஆகியவற்றோடு சேரும். 'அலீவியேட்' என்பதோ எடை குறைந்தது என்று பொருள்படும் 'லெவிஸ்' வழியாக வந்து, வலி, வறுமை, துன்பம் போன்று மனிதர் சுமக்கும் பாரத்தை இலேசாக்குவதைச் சொல்கிறது. என் அறிவுரை: பட்டியலை ஓரம் கட்டிவிட்டு, நாளுக்கு மூன்று சொற்கள் போதும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நாளிதழில் கண்ட ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து ஒருவர்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க இயலவில்லை. தேர்வுக்கு நாள் குறித்துவிட்டவருக்கு நாளுக்கு மூன்று சொற்கள் போதாது, பட்டியலும் வேண்டும். சகோதரி சேர்த்த இரண்டாயிரமும் வீணாகாதபடி, ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, ஜெர்மனியைச் சேர்ந்த செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறையைக் கையாளலாம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதைச் சில நாள் இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும். தவறவிட்ட அட்டை முதல் பெட்டிக்கே திரும்பும், அதை நாள்தோறும் பார்க்க வேண்டும். ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே இப்படித்தான் படித்தேன்.

வேர்ச்சொற்களும் கைகொடுக்கும். 'ப்ரோக்ராஸ்டினேட்' என்பதற்குள் நாளை என்ற பொருளுடைய லத்தீன் 'க்ராஸ்' இருப்பதை அறிந்தவர், நாளை நாளை என்று தள்ளிப்போடுவதே அதன் பொருள் என்பதை மறக்கமாட்டார். ஆனால் வேர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 'எலோக்குவென்ட்', 'லொக்குவேஷஸ்' இரண்டும் பேசுதல் என்ற ஒரே வேரில் பிறந்தவை. முன்னது சொல்வன்மை, பின்னது ஓயாப் பேச்சு. ஐயா சொன்ன புகழ்ச்சி, இகழ்ச்சிக் குறிப்பை அட்டையின் மூலையில் கூட்டல், கழித்தல் குறியாக இட்டுவிடுங்கள்.

அரூர் வாசகர்:

ஒலிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் முழு உருவான எடுத்துக்காட்டைக் குறிக்கும் 'இப்பிட்டமி' என்ற சொல்லை எழுத்தைப் பார்த்து 'எப்பிடோம்' என்றே பல ஆண்டுகள் படித்திருந்தேன். செய்தியில் காதால் கேட்டபோது, எனக்குத் தெரிந்த சொல்தான் அது என்பதே தெரியவில்லை. இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் கேட்கலாம். கேட்டதைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

பென்னாகரம் மாணவி:

மூவருக்கும் நன்றி. பத்து நாள்களில் நாற்பது அட்டைகள் எழுதி முடித்தேன். கழித்தல் குறி இட்ட முதல் அட்டை 'நொட்டோரியஸ்'. மாந்தோப்புக்குச் சொட்டுநீர் அமைத்தால் அது வறட்சியை 'அலீவியேட்' செய்யும் என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன். சரிதானா ஐயா?

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், காவேரிப்பட்டணம்:

நெருங்கிவிட்டீர்கள் அம்மா. சொட்டுநீரால் மழை வந்துவிடாது. வறட்சியால் மரத்துக்கு நேரும் பாதிப்பைத்தான் அது குறைக்கும். ஆகவே 'வறட்சியின் பாதிப்பை' என்று எழுதி, 'மிட்டிகேட்' இடுங்கள். அந்தத் தோப்பை நம்பிய உழவரின் துன்பம் என்று எழுதினால், அங்கே உங்கள் 'அலீவியேட்' அப்படியே பொருந்தும். இரண்டு வாக்கியங்களையும் ஒரே அட்டையின் இரு பக்கங்களிலும் எழுதிவையுங்கள்.