யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: சிலிண்டர்ல புது போர், புது பிஸ்டன் போட்டும் இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு (பிஸ்டன் இறுகிப் பிடிச்சுக்கிச்சு). அடுத்து எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

மலைக்கோட்டை91, திண்டுக்கல்

வணக்கம். வண்டி எங்க மாமாவோடது, 1991 மாடல். மாமா கால்நடை ஆய்வாளரா இருந்தவர். சாணார்பட்டி, நத்தம் பக்கம் ஊர் ஊராப் போய் மாட்டுக்கு ஊசி போட்டதெல்லாம் இந்த வண்டியிலதான். ரிட்டயர் ஆனப்புறம் கொட்டகை ஓரமா வருஷக்கணக்கா நின்னுச்சு. அதைக் கொண்டாந்து எங்க வீட்டுத் தாழ்வாரத்துல வச்சுப் பிரிச்சேன்.

ஆரம்பத்துல இருந்தே தடங்கல்தான். சைடு கவர் ஸ்க்ரூ ஒண்ணும் அசையல. சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டா தலை வழுக்கி மழுங்குது. இம்பாக்ட் டிரைவர் வாங்கி சுத்தியலால ஓங்கி அடிச்சப்புறம்தான் இறங்குச்சு. உள்ளே கான்ராட் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற தண்டு) ஆட்டம். கிராங்க்கையும் கேஸையும் ஒரு ஒர்க்‌ஷாப்புல கொடுத்து, புது கான்ராட் கிட், பேரிங், ரெண்டு பக்க ஆயில் சீல் எல்லாம் போட்டு வாங்கினேன். சிலிண்டர் துளையை 0.50 மி.மீ பெருசாக் கடைஞ்சாச்சு, அதாவது போர் 0.50 ஓவர்சைஸ். மேல்பாகம் நான் மாட்டினது. பிஸ்டன் அம்புக்குறி சைலன்சர் பக்கம், ரிங் வாய் அந்தச் சின்ன பின்னுக்கு நேரா. மாட்டினப்புறமும் சரி பார்த்தேன்.

முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆச்சு! ஆயில் பம்ப் ஓடினாலும் ரன்னிங்-இன்னுக்காக (புது பிஸ்டனைப் பழக்குறதுக்கு) பெட்ரோல்லயும் கொஞ்சம் 2டி ஆயில், அதான் டூஸ்ட்ரோக் ஆயில், கலந்தேன். ஐம்பதைத் தாண்டல. வத்தலக்குண்டு ரோட்டுல செம்பட்டி தாண்டினதும் வண்டி திடீர்னு திணறி பின் சக்கரம் லாக் ஆச்சு. கிளட்சைப் பிடிச்சு ஓரங்கட்டிட்டேன். ஆறினப்புறம் கிக்கர் இறங்குது, ஆனா கரகரன்னு சத்தம்.

பிரிச்சுப் பார்த்தா பிஸ்டன்ல சைலன்சர் பக்கம் நீளநீளமா கோடு. பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. இன்னொண்ணு, சீஸ் ஆகறதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டரை விட்டா ஆர்பிஎம் உடனே இறங்காது. ஐடிலிங்கும் தானா ஏறும், தானா இறங்கும்.

ஒர்க்‌ஷாப்புல "ஆயில் பத்தல, அடுத்த சைஸ் போர் போடுங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் நல்ல விலை சொல்றார், அம்மாவும் கொடுத்துடுங்கறாங்க. எனக்கு மனசு வரல. மாமா போன் பண்ணும்போதெல்லாம் வண்டியைத்தான் முதல்ல விசாரிக்கிறார். மறுபடி போர் போடலாமா? கார்ப்ரேட்டர் ஜெட்டை மாத்தலாமா? கையில இருக்கிற காசுக்கு இன்னொரு தடவை சீஸ் ஆனா தாங்காது.

பழைய ஸ்பேனர், கோவை

தம்பி, போர் இப்ப போடாதீங்க. ஜெட்டையும் தொடாதீங்க. காரணம் தெரியாம புது பிஸ்டன் போட்டீங்கன்னா அதுவும் இதே மாதிரிதான் போகும். நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுதுங்க. எங்கயோ காத்து இழுக்குது.

டூஸ்ட்ரோக்குல கிராங்க் கேஸே ஒரு பம்ப். பிஸ்டன் மேல போகும்போது கேஸுக்குள்ள உறிஞ்சும், கீழ வரும்போது அழுத்தி சிலிண்டருக்கு அனுப்பும். அந்த உறிஞ்சல்ல ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கார்ப்ரேட்டரைத் தொடாத வெறும் காத்து உள்ளே வரும். அதுல பெட்ரோலும் இல்ல, ஆயிலும் இல்ல. கலவையில பெட்ரோல் குறைஞ்சு சூடு ஏறும், பிளக் வெளுக்கும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் நிக்கும். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை தள்ளும், அதனால கண்டுபிடிச்சுடலாம். மேக்னட் (கரண்ட் உண்டாக்குற சக்கரம்) பக்க சீல் போனா புகையே வராது. ஆள் ஏமாறுறது அங்கதான்.

சோதிக்க ஒரு பழைய பிபி மிஷின் போதும், அந்த அமுக்குற பல்பும் மீட்டரும். கோடு விழுந்த பிஸ்டனையே மாட்டி, பேரல் (சிலிண்டர்), ஹெட் டைட் பண்ணுங்க. பிளக் இருக்கட்டும், பிஸ்டன் அடியில நிக்கட்டும். பேரல்ல சைலன்சர் மாட்டுற வாயில ட்யூப் ரப்பரை வச்சு ஒரு பட்டையால இறுக்குங்க. கார்ப்ரேட்டரைக் கழட்டிட்டு, அந்த ரப்பர் வாயில அடைப்பு வச்சு அதுல பல்பு ட்யூபைச் சொருகுங்க. அங்கிருந்து அமுக்கினாத்தான் மேனிஃபோல்டு ரப்பரும் சேர்ந்து சோதனையாகும். ஆயில் பம்ப் ட்யூபையும் மறக்காம அடைச்சுடுங்க. மீட்டர்ல 250 வரைக்கும் ஏத்துங்க, அது கிட்டத்தட்ட 5 பிஎஸ்ஐ. அதுக்கு மேல வேண்டாம். கம்ப்ரெசர் வச்சு அடிச்சீங்கன்னா நல்ல சீலே பிதுங்கிடும். முள் சரசரன்னு இறங்குச்சுன்னா மேக்னட்டைக் கழட்டிட்டு எல்லா ஜாயின்டுலயும் சோப்புத் தண்ணி தடவுங்க.

மேக்னட்டுக்கு அதோட புல்லர்தான். ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினா கேஸ் போயிடும்.

டூஸ்ட்ரோக் அக்கா, தாம்பரம்

அண்ணன் சொன்னதைச் செஞ்சு முடிங்க தம்பி. கூடவே மூணு விஷயம் பாருங்க.

போர் போட்டப்புறம் போர்ட் (சிலிண்டர் சுவர்ல கலவையும் புகையும் போற வாய்) ஓரத்தையெல்லாம் லேசா மழுக்கி விட்டிருக்காங்களா? சிலிண்டருக்குள்ள விரலை விட்டுத் தடவுங்க. கத்தி மாதிரி கூரா இருந்தா ரிங் அதுல மாட்டி உடையும். லேத்துல சொன்னாத்தான் செய்வாங்க, சொல்லாட்டி அப்படியே கொடுத்துடுவாங்க. அடுத்தது, பிஸ்டனைக் கையில கொடுத்து அதை அளந்து போர் போடச் சொல்லணும். பாக்கெட் மேல இருக்கிற நம்பரை நம்பக் கூடாது. ஆயில் பம்ப்பைக் கழட்டி மாட்டியிருந்தா அதுக்கான ஸ்க்ரூவைத் திறந்து காத்து எடுத்தீங்களா? ட்யூபுக்குள்ள ஒரு குமிழி நின்னாலும் ஆயில் போகாது.

வண்டியை இப்ப கொடுத்துடாதீங்க. பிரிச்சுப் போட்ட நிலையில இருக்கிற ஆர்எக்ஸை கேட்டு வர்றவங்க அதோட பேருக்காகத்தான் வர்றாங்க. 1996-ல உற்பத்தி நின்ன வண்டி. சென்னையில புதுப்பேட்டை முழுக்க அலைஞ்சாலும் ஒரிஜினல் கிராங்க் கேஸ் லேசுல சிக்காது. உங்க கேஸ்ல இருக்கிற இன்ஜின் நம்பரும் ஆர்சி-யும் பொருந்துதே, அதுதான் சொத்து. அந்த ஆர்சி-யை எடுத்து ரின்யூவல் தேதியைப் பாருங்க. பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். மாமா கையெழுத்து போடுற நிலையில இருக்கும்போதே பேர் மாத்துற வேலையையும் முடிச்சுடுங்க. மனசு சோர்ந்து இன்ஜின் பக்கம் போகப் பிடிக்காத நாள்ல இதைச் செய்யலாம். நான் அப்படித்தான் செய்வேன். ஆர்டிஓ வேலை, வயரிங், பிரேக் ஷூ இதெல்லாம் அந்த மாதிரி நாளுக்குன்னு ஒதுக்கி வச்சிருப்பேன். வண்டி ஒரு அடியாவது நகர்ந்திருக்கும்ல.

மலைக்கோட்டை91, திண்டுக்கல்

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. பிபி மிஷினை மாமாவே கொடுத்தனுப்பினார்.

பல்பை அமுக்கினா 250 வரைக்கும் ஏறவே இல்ல, 100 தொட்டுட்டு விழுந்துச்சு. மேனிஃபோல்டு, பேரல் அடி, ஹெட், கேஸ் ஜாயின்ட் எங்கயும் குமிழி இல்ல. மேக்னட்டைக் கழட்டிட்டு சோப்புத் தண்ணியை விட்டதும் கிராங்க் தண்டைச் சுத்தி நுரை பொங்கி வந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா சீலோட உதடு ஒரு பக்கம் உள்ளுக்கு மடிஞ்சிருக்கு. உள்ளே இருக்க வேண்டிய சின்ன ஸ்பிரிங் வளையம் வெளியே துருத்திட்டு நிக்குது. புது சீல்தான். கிரீஸ் தடவாம வறட்டுத்தனமா தண்டு மேல தள்ளியிருக்காங்க. "ஆயில் பத்தல"ன்னு என்கிட்ட சொன்ன அதே இடத்துல போட்ட சீல் இது. அதை நினைச்சாத்தான் கோபம் வருது. வேற சீல் வாங்கியாச்சு. போர்ட் ஓரமும் கூராத்தான் இருக்கு அக்கா.

சிலிண்டர்ல சைலன்சர் பக்கம் வெள்ளையா அலுமினியம் அப்பியிருக்கு. இதுக்குக் கண்டிப்பா 0.75 போட்டுத்தான் ஆகணுமா?

பழைய ஸ்பேனர், கோவை

அவசரப்படாதீங்க தம்பி. அது பிஸ்டன்ல இருந்து ஒட்டினது, போர்ல விழுந்த பள்ளம் இல்ல. முரியாடிக் ஆசிட்டை (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) பஞ்சுக் குச்சியில தொட்டு அந்தப் படிவு மேல மட்டும் வைங்க, நுரைச்சுட்டு கிளம்பும். மொட்டை மாடியில, கையுறை, கண்ணாடி போட்டுட்டுத்தான் செய்யணும். பேரல் வெளிப்பக்கம் வழிய விடாதீங்க, அலுமினியத்தைத் தின்னுடும். உடனே தண்ணியில அலசித் துடைச்சு ஆயில் பூசுங்க, இல்லாட்டி போர் துருப்பிடிக்கும். அப்புறம் நகத்தால கீறிப் பாருங்க. நகம் எங்கயும் மாட்டாம, லேத்துல போர் கேஜ் வச்சு அளந்தும் அளவு சரியா இருந்தா ஹோனிங் (உள்சுவரை லேசா உரசி விடுறது) மட்டும் போதுங்க, புது 0.50 பிஸ்டனே போடலாம். மாட்டுச்சுன்னா 0.75-தான். ரெண்டுல எதுவானாலும் போர்ட் ஓரத்தை மழுக்கச் சொல்லுங்க.

சீல் போட்டதும் இந்தப் பழைய பிஸ்டனோடயே மறுபடி பல்பை மாட்டுங்க. 250-ல முள் சில நிமிஷம் ஆடாம நின்னா மட்டும் புது பிஸ்டனுக்குக் காசு கொடுங்க.