நாங்கள் போகும் ரெக்கார்டு கடை மூடும் நிலையில் இருக்கிறது. வாடிக்கையாளர்கள் சேர்ந்து என்ன செய்யலாம்?

கேள்வி: இரண்டாம்பக்கம்

பதினொரு வருஷமாக ஒரே ரெக்கார்டு கடைக்குத்தான் போகிறேன். போன சனிக்கிழமை கடைக்காரர் ஒரு இசைத்தட்டை உறைக்குள் போட்டுக்கொண்டே, "குத்தகை முடிய ஆறு மாதம் இருக்கிறது, புதுப்பிப்பேனா தெரியவில்லை" என்றார். அன்று எனக்கு எதையும் வாங்கத் தோன்றவில்லை.

வாடிக்கையாளர்கள் முப்பத்தைந்து பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். நன்கொடை திரட்டலாம் என்கிறார்கள் சிலர். பங்கு போட்டு நாமே எடுத்து நடத்தலாம் என்கிறார்கள் வேறு சிலர். வினைல் (பிளாஸ்டிக் இசைத்தட்டு) விற்பனை ஏறுகிறது என்றுதானே எங்கும் படிக்கிறோம்? அப்படியிருக்க இந்தக் கடை ஏன் திணறுகிறது என்பதே எங்களுக்குப் பிடிபடவில்லை. கடை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மெல்லியஊசி

2020இல் நாங்கள் ஒரு கடைக்கு நன்கொடை திரட்டினோம். மூன்று மாத வாடகை கட்ட முடிந்தது. நாலாவது மாதம் பழைய நிலைமையே. பணம் எங்கே போய் முடங்குகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

பதில்: பழையதட்டு

மேலே சொன்னவர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் பதினாலு வருஷம் கடை நடத்தியவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விற்பனை ஏறியது உண்மை. அமெரிக்காவில் 2022இல் வினைல் தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சம் விற்றன, சிடி 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் தட்டு சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுதான் முதல்முறை. ஆனால் பெரிய பெயர்களின் புதுத் தட்டு எல்லா ஆன்லைன் கடையிலும் கிடைக்கும், அவர்கள் விலைக்குச் சின்னக் கடைக்காரரால் இறங்க முடியாது. தவிர, விற்காத புதுத் தட்டைப் பெரும்பாலும் விநியோகஸ்தர் திருப்பி எடுப்பதில்லை. ஐந்து பிரதி வாங்கி மூன்று விற்றால், அந்த மூன்றின் லாபம் மிச்சம் இரண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அலமாரி நிறைந்திருக்கும், கல்லா காலியாக இருக்கும். கடை திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆகவே உங்கள் முப்பத்தைந்து பேர் செய்யக்கூடிய முதல் உதவி, வேண்டிய தட்டை முன்கூட்டியே சொல்லிப் பணத்தையும் கட்டிவிடுவது. "வந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்ற வார்த்தையை நம்பி நான் வாங்கி வைத்த தட்டுகள் கடையை மூடும் நாள் வரை என்னிடம் இருந்தன. அப்புறம், பக்கத்து ஊர்க் கடைகளோடு சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடச் சொல்லுங்கள். 180 கிராம் தட்டு, உறையும் அட்டையும் சேர்ந்தால் 300 கிராமை நெருங்கிவிடும். இருபத்தைந்து தட்டு ஏழு கிலோவுக்கு மேல். தனித்தனியாக வரவழைத்தால் அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். ஒரு கடையில் தூங்கும் தட்டை இன்னொரு கடையில் யாராவது தேடிக்கொண்டிருப்பார், அதையும் மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் மூன்று கடைக்காரர்கள் மாதம் ஒருமுறை ஒரு பெட்டி மாற்றிக்கொண்டோம். அந்த ஏற்பாட்டை இன்னும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைப்பேன்.

ஆனால் உண்மையான பணம் இருப்பது பின்னறையில். பழைய தட்டில்தான் லாபம் அதிகம். யாரோ வீடு மாறும்போது கொண்டுவந்து கொடுத்த பெட்டிகள் பிரிக்கப்படாமலே கிடக்கும், ஏனென்றால் கல்லாவில் இருப்பவர் ஒற்றை ஆள். ஒவ்வொரு தட்டையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறல் மேல் நகத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். நகம் மாட்டினால் ஒலியிலும் கேட்கும். குறுக்கே ஓடிய கீறல் என்றால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும்போது 1.8 விநாடிக்கு ஒருமுறை டக் என்று அடிக்கும். அதற்கேற்ப நியர் மிண்ட் (கிட்டத்தட்டப் புதுசு), விஜி பிளஸ் (அதற்கு அடுத்த படி) என்று தரம் எழுதி விலை ஒட்ட வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும். நாலு பேர் வாரம் ஒரு மாலை வந்தால் கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஒரு எச்சரிக்கை. என் கடையில் நல்ல மனதோடு உதவ வந்த ஒருவர், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துவிட்டார். அவை ஷெல்லாக் என்ற அரக்கால் ஆனவை, ஆல்கஹால் பட்டால் கரையும். ஆறு தட்டு பாழ். அதைச் சொல்லித் தராதது என் தவறு. வினைலுக்குக் காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, தட்டில் ஊசி ஓடும் வரிகளின் போக்கிலேயே துடைப்பு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு வரிகளுக்குள் படிந்துவிடும்.

பதில்: நீலஅட்டை

ரெக்கார்ட் ஸ்டோர் டேவை, அதாவது தனிக்கடைகளில் சிறப்புத் தட்டுகள் வெளியாகும் வருடாந்திர நாளை, விட்டுவிட்டீர்களே? 2007இல் அமெரிக்கத் தனிக்கடைக்காரர்கள் கூடிப் பேசி உருவாக்கியது, 2008 ஏப்ரல் 19 அன்று முதல்முறை நடந்தது. கடைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் உண்டா? எங்கள் ஊரில் விடியுமுன்பே வரிசை நிற்கும்.

பதில்: பழையதட்டு

அந்த வரிசையைப் பார்த்து நானும் கண்கலங்கியிருக்கிறேன், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தத் தட்டுகளையும் திருப்பித் தர முடியாது. ஒரு வருஷம் ஆசையில் அதிகம் வாங்கிவிட்டு ஜூலை வரை விற்றேன். வரிசையில் முதலில் நின்றவர் அன்று மாலையே இணையத்தில் இரட்டை விலைக்குப் போட்டதையும் பார்த்தேன். அந்த நாள் கடைக்குப் புது முகங்களைக் கொண்டுவரும். அவர்களில் பத்துப் பேரை அடுத்த மாதமும் வரவழைத்தால் அது வெற்றி.

பதில்: கூட்டுக்கணக்கு

கடையையே எடுத்து நடத்துவது பற்றி மட்டும் சொல்கிறேன், கூட்டுறவுச் சங்கக் கணக்குதான் என் வேலை. ஆளுக்கு ஒரு பங்கோ பத்துப் பங்கோ, ஓட்டு ஒன்றுதான் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கடையிலிருந்து வந்த வழக்கம் இது. கடனுக்கு விற்பதில்லை என்பதும் அவர்கள் விதி. மேலே ஒருவர் முன்பணம் பற்றிச் சொன்னாரே, அதே புத்திதான். மாதக் கணக்கை யார் பார்ப்பார் என்பதற்கு ஒரு பெயர் கிடைக்காவிட்டால் பங்கு வசூலிக்கவே வேண்டாம். கடைக்காரர் அங்கேயே இருக்கட்டும், உதவியோடு தொடங்குங்கள்.

இரண்டாம்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று கடைக்காரரிடம் பேசினேன். முதலில் தயங்கினார், அப்புறம் பின்னறைச் சாவியை எடுத்தார். பத்தொன்பது பெட்டி! முதல் பெட்டியை நாலு பேர் பிரித்தோம். முப்பதில் இருபத்திரண்டு விற்பனைக்குத் தேறின. மூன்று ஷெல்லாக் இருந்தன, யாரும் தொடவில்லை. பன்னிரண்டு பேர் மாத ஆர்டருக்கு முன்பணம் கட்டச் சம்மதித்திருக்கிறார்கள். பங்கு விஷயத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டோம்.

ஒரே ஒரு சந்தேகம்: உள்உறைகள் தீர்ந்துவிட்டன. எதை வாங்குவது?

பழையதட்டு

பாலிஎத்திலீன் உள்உறை வாங்குங்கள், இல்லையென்றால் அமிலமில்லாத காகிதம். பிவிசி என்ற பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், வருஷக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் தட்டின் மேல் மங்கல் விழும், துடைத்தாலும் போகாது. பெட்டியில் ஏற்கெனவே பிவிசியில் இருப்பவற்றை முதலில் மாற்றிவிடுங்கள்.