உப்புத்தண்ணீரில் கரண்ட் விட்டால் சோடியம் வராமல் பழுப்புச் சேறு வருகிறதே, ஏன்?

குமிழி_77:
வணக்கம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து, இரண்டு இரும்பு ஆணிகளை இறக்கி, பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தேன். மைனஸ் ஆணியில் நுரை பொங்குகிற அளவுக்குக் குமிழி. பிளஸ் ஆணியில் குமிழியே இல்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அழுக்குப் பச்சையாகி, அப்புறம் மேலிருந்து பழுப்பாக மாறி, அடியில் சேறாகத் தங்கிவிட்டது. உப்பு என்றால் சோடியமும் குளோரினும்தானே, சோடியம் எங்கே போனது, குளோரின் வாடைகூட இல்லையே? இன்னொன்று, இதில் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, கிடைக்கும் என்கிறார்கள். அதை எடுத்து அரை கிலோ தேங்காயெண்ணெயில் சோப்பு போடலாமா?

டியூஷன்_வாத்தியார்:
சேறு உப்பிலிருந்து வரவில்லை, உங்கள் ஆணியிலிருந்து வந்தது. பிளஸ் பக்கத்தில் எது எளிதாக எலக்ட்ரானை விடுமோ அதுதான் முதலில் விடும். இரும்பு அங்கே இருக்கும்போது குளோரைடு அயனிக்கு வேலையே இல்லை. இரும்பு கரைந்து, மைனஸ் பக்கம் உண்டாகும் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து பச்சை நிற ஃபெரஸ் ஹைட்ராக்சைடு ஆகிறது, அது காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. காற்று மேலிருந்து வருவதால்தான் பழுப்பும் மேலிருந்து ஆரம்பித்தது. ஆணியை எடுத்துப் பாருங்கள், அரித்திருக்கும்.

மைனஸ் பக்கமும் அதே கதைதான். சோடியம் அயனி உலோகமாக மாற மைனஸ் 2.71 வோல்ட் வேண்டும், தண்ணீரோ மைனஸ் 0.83 வோல்ட்டிலேயே ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சைடாகவும் பிரிந்துவிடும். நீங்கள் பார்த்த குமிழி அந்த ஹைட்ரஜன். தண்ணீர் இருக்கும்வரை சோடியம் வராது. 1807-ல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியலாளருக்கும் இதே தொல்லைதான். பொட்டாஷ் என்ற பொட்டாசியம் காரத்தின் கரைசலில் மின்சாரம் விட்டால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் வந்தன. அப்புறம் லேசாக ஈரம் பட்ட திட பொட்டாஷில் விட்டார். அது உருகி, பாதரசம் மாதிரி மின்னும் சின்னச் சின்ன உருண்டைகள் வந்தன, சில வந்த வேகத்திலேயே தீப்பிடித்தன. அது பொட்டாசியம். சில நாளில் காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியத்தையும் எடுத்துவிட்டார்.

இன்றைக்கு சோடியம் எடுப்பது டவுன்ஸ் செல் என்ற மின்பகுப்புத் தொட்டியில், உருகிய உப்பிலிருந்து. உப்பு உருக 801 டிகிரி வேண்டும், கால்சியம் குளோரைடு கலந்தால் 600 டிகிரி வாக்கில் வேலை முடிந்துவிடும். வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

குளோரினைப் பார்க்க ஆசை என்றால் ஆணிக்குப் பதில் பழைய டார்ச் செல்லின் கார்பன் குச்சி போடுங்கள், தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கலந்துகொள்ளுங்கள். மைனஸ் பக்கம் காரம் சேரச் சேர மஞ்சள் சிவக்கும், பிளஸ் பக்கம் குளோரின் அதை வெளுத்துவிடும். மொட்டைமாடியில் செய்யுங்கள், வாடை மூக்கில் ஏறியதும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். எவர்சில்வர் ஸ்பூனை மட்டும் பிளஸ் பக்கம் போடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் கரைந்து வரலாம்.

செல்ஹவுஸ்_நைட்ஷிஃப்ட்:
வாத்தியார் சார், தண்ணீர் இருந்தால் சோடியம் வராது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காஸ்டிக் ஆலையில் பல வருஷம் இருந்தவன் நான். பழைய மெர்க்குரி செல்லில் உப்புக்கரைசலிலிருந்தே சோடியம் வரும். மைனஸ் பக்கம் பாதரசம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஹைட்ரஜன் எளிதில் உண்டாகாது, அதனால் சோடியம் முந்திக்கொண்டு பாதரசத்தில் கரைந்து ரசக்கலவை ஆகிவிடும். அந்தக் கலவையை இன்னொரு தொட்டியில் தண்ணீரோடு சேர்த்தால் சுத்தமான காஸ்டிக்கும் ஹைட்ரஜனும் வரும். 1890-களில் காஸ்ட்னர், கெல்னர் இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை. சரக்கு அருமை, ஆனால் பாதரசக் கசிவு பெரிய பாவம், அதனால்தான் நம் நாட்டிலும் எல்லோரும் நடுவில் மெல்லிய சவ்வு வைத்த மெம்பிரேன் செல்லுக்கு மாறினார்கள்.

தம்பி, சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அடாப்டர் 1 ஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை கிராம் காஸ்டிக், அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் இருந்தால். அரை கிலோ தேங்காயெண்ணெய்க்கு சுமார் 90 கிராம் வேண்டும், அதாவது 60 மணி நேரம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே டம்ளரில் எல்லாம் கலந்து கிடப்பதுதான். கார்பன் குச்சி போட்டால் குளோரின் காரத்தோடு சேர்ந்து ஹைப்போகுளோரைட் ஆகிவிடும், உங்களுக்குக் கிடைப்பது உப்பு கலந்த ப்ளீச்சிங் தண்ணீர். அதில் சோப்பு எப்படி வரும்?

ஆலையில் நடுவில் ஒரு மெம்பிரேன் இருப்பதே அதற்குத்தான். சோடியம் அயனியை விடும், குளோரைடைத் தடுக்கும். செல்லுக்கு 3 வோல்ட் பக்கம்தான், உங்கள் அடாப்டரைவிடக் குறைவு, ஆனால் ஆம்பியர் ஆயிரக்கணக்கில். பிளஸ் பக்கம் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம், அதனால் அது கரையாது. இதில் எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது மின்சாரம் இல்லை, பிரைன் என்கிற உப்புக்கரைசல்தான். உப்பில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கொஞ்சம் தப்பி வந்தாலும் மெம்பிரேனுக்குள் படிந்து அடைத்துவிடும், வோல்டேஜ் ஏறும், அப்புறம் அந்த மெம்பிரேனின் விலையை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். வெளியே வருவது 32 சதவீத லை, அதாவது காஸ்டிக் கரைசல். ஒரு டன் காஸ்டிக்குக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் கரண்ட் தின்னும்.

குமிழி_77:
இரண்டு பேருக்கும் நன்றி. ஆணியைப் பார்த்தேன், தண்ணீருக்குள் இருந்த பாதி பென்சில் மாதிரி கூராகிவிட்டது. காஸ்டிக்கைக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன். இந்தச் சேற்றை என்ன செய்வது, செடிக்கு ஊற்றலாமா? இரும்புச்சத்துதானே?

செல்ஹவுஸ்_நைட்ஷிஃப்ட்:
செடிக்கு வேண்டாம், உப்பு இருக்கிறது, வேர் கருகிவிடும். சாதாரண ஆணி என்றால் நிறையத் தண்ணீர் விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். முலாம் பூசிய ஆணி என்றால் துத்தநாகமும் கலந்திருக்கும், அப்போது சாக்கடையில் ஊற்றாமல் வடிகட்டி, சேற்றைக் காயவைத்துத் தனியாக எடுத்துப் போடுங்கள். எதுவாக இருந்தாலும் அந்தத் தண்ணீரில் பாத்ரூம் கழுவும் ஆசிடை மட்டும் கலந்துவிடாதீர்கள். கடைக் காஸ்டிக்கைக் கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.