புதுப்பிப்பு: பழைய மோட்டார் சைக்கிளின் ரயர் வயதும் காற்றும்

பழைய பைக்குகளுக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று முன்பு எழுதியதற்கு, "ரயரின் தவாளிப்பு (நிலத்தில் படும் பக்கத்துப் பள்ளங்கள்) ஆழமாத்தானே இருக்கு, பிறகேன் மாத்த வேணும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

ரயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், அது செய்த திகதி. 2314 என்றால் 2014இன் 23ஆவது வாரம். மூன்றே இலக்கமென்றால் 2000க்கு முந்தியது, யோசிக்காமல் கழற்றுங்கள். 5 வருடம் தாண்டினால் வருடாவருடம் சோதனை. 10 ஆனால் தவாளிப்பு எப்படி இருந்தாலும் மாற்றம்தான். ஓடாமல் வெயிலில் நிற்கும் பைக்கில் வெடிப்பு இன்னும் முந்தி வரும். தவாளிப்பின் அடியில் மயிரிழைக் கோடுகள் தெரியும்.

திருகோணமலை உப்புக்காற்றில் கம்பி ரிம்முக்குள் துரு ஏறும். பஞ்சருக்கு ஆணியையே தேடுவார்கள், குற்றவாளி சிலவேளை உள்ளிருந்து ரியூப்பைக் குத்தும் ஸ்போக் (ரிம் கம்பி) முனை. புது ரயர் போடும்போது ரிம்மை உரசி, ஸ்போக் முனைகளை மூடும் ரிம் நாடாவையும் ரியூப்பையும் புதிதாகப் போடுங்கள்.

பஜாஜ் சிடி100 பைக்குக்கு முன் ரயரில் 25, பின் ரயரில் 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). பின்னால் ஆள் இருந்தால் பின் ரயரில் 32. காலையில், ஓடமுன் அளக்க வேண்டும். நிலாவெளி போய்வந்த சூட்டில் கூடிக் காட்டுகிறதென்று காற்றை இறக்காதீர்கள். குறைந்த காற்றில் ரயர் ரிம்மில் வழுக்கி ரியூப்பையும் இழுக்கும். வால்வு சாய்ந்து நின்றால் அதன் அடி கிழியப்போகிறது.