கமலா ஆன்ட்டி வீட்டுச் சாவி

குழு: நம்ம வீடு

செல்வி: எல்லாரும் கொஞ்சம் பாருங்க. கமலா ஆன்ட்டி பையன் போன் பண்ணினான். ஆன்ட்டி காரியமெல்லாம் முடிச்சுட்டு ஞாயித்துக்கிழமை கிளம்பறானாம். நம்மகிட்ட இருக்கிற அவங்க வீட்டுச் சாவியைக் கேக்கறான். பேப்பர் இன்னும் வருதாம், அதையும் நிறுத்திடச் சொல்றான்

ரவி: குடுத்துட வேண்டியதுதானே

செல்வி: அம்மா குடுக்க மாட்டேங்கறாங்க

ரவி: ஏன்

செல்வி: கேட்டா பதில் இல்ல. எழுந்து உள்ள போயிட்டாங்க

சித்தி: அக்கா என்கிட்ட ஒரு நாளும் சாவி குடுத்ததில்ல. கூடப் பிறந்தவ நான். சும்மா சொன்னேன்

பாபு: அம்மா, இப்ப வேணாமே

சித்தி: இல்லடா. அவங்க ரெண்டு பேரும் முதல்ல எப்படிச் சண்டை போட்டாங்க தெரியுமா? மரத்து இலை யார் பக்கம் விழுதுன்னு. முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. நான்தான் சமாதானம் பண்ணி வெச்சேன்

ரவி: நீங்களா? அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தப்ப ஆன்ட்டிதான் காரை எடுத்துட்டு வந்தாங்க. அதுலேருந்துதான்

சித்தி: அதுக்கும் முன்னாடி

செல்வி: அது இப்ப ரொம்ப முக்கியமா? அந்தப் பையன்கிட்ட எல்லாரும் துக்கம் விசாரிச்சாங்க. சரி, பெத்த பிள்ளை. ஆனா தினம் பார்த்துட்டிருந்தது அம்மா. அவங்ககிட்ட ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கல. வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுட்டு ஓரமா நின்னாங்க. யாரோ ஒருத்தர் தண்ணி கொண்டு வரச் சொன்னார்

பாபு: 😔

மூர்த்தி மாமா: இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989ல் இதைப் பற்றியே எழுதினார். துக்கப்பட யாருக்கு உரிமை என்று சுற்றியிருப்பவர்கள் மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது. நண்பர், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்தவர் எல்லாம் அதில் வருவதில்லை. வருத்தம் குறைவதில்லை, ஆறுதல்தான் குறைகிறது.

ரவி: ஆபீஸ்லயும் அதே கதை மாமா. லீவு கேட்டேன். உறவுமுறைன்னு ஒரு கட்டம், அதுல பக்கத்து வீடு இல்ல. சொந்த லீவுல கழிச்சுக்கோன்னுட்டாங்க. என்னைத் தினம் ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தது யாருன்னு அந்தக் கட்டத்துல எங்க எழுதறது

பாபு: துக்கத்துக்கு அஞ்சு படி இருக்குமே மாமா, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு. பெரியம்மா எதுல இருக்காங்க?

மூர்த்தி மாமா: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969ல் அந்த ஐந்தையும் சொன்னது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிவிட்டு. மற்றவர்களுக்குப் பிறகுதான் பொருத்தினார்கள். படி ஏறுவது போல வரிசையாக யாரும் போவதில்லை. ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999ல் சொன்னது வேறு. கொஞ்ச நேரம் இழப்பிலேயே கிடப்பார்கள், கொஞ்ச நேரம் அன்றாட வேலையில் இறங்குவார்கள், இப்படி மாறி மாறி. ஆகவே அக்கா காலையில் அழுதுவிட்டு மத்தியானம் பரணை ஒழித்தால் கவலைப்பட

ரவி: பாதியில நிக்குது மாமா

மூர்த்தி மாமா: கை பட்டுவிட்டது. வேண்டாம்.

சித்தி: பரண்னதும் ஞாபகம் வருது. என் தையல் மெஷின் அங்கதான் கிடக்கு. யாராவது பாருங்க

செல்வி: சித்தி!!

சித்தி: பாக்கத்தானே சொன்னேன்

செல்வி: பேப்பர் விஷயம் கேளுங்க. குறுக்கெழுத்துல இடமிருந்து வலம் ஆன்ட்டி பென்சில்ல போட்டு மதில் மேல வெப்பாங்க. மேலிருந்து கீழ் அம்மா. இப்ப அந்த வீட்டு வாசல்ல விழற பேப்பரை அம்மாவே போய் எடுத்துட்டு வராங்க. நேத்து பிரிச்சுப் பார்த்தேன். மேலிருந்து கீழ் மட்டும்தான் போட்டிருக்காங்க. பாதி எழுத்து தானா விழுந்திருக்கு, மிச்சத்தைத் தொடல

பாபு: ஐயோ

ரவி: ஆன்ட்டி நம்பர் இந்தக் குரூப்ல இன்னும் இருக்கே. எடுத்துடவா? அந்தப் பையன் போனைத் திறந்தா எல்லாத்தையும் படிப்பான்

மூர்த்தி மாமா: நாமாக எடுக்க வேண்டியதில்லை. 120 நாள் யாரும் உபயோகிக்காவிட்டால் வாட்ஸ்அப்பே பொதுவாகக் கணக்கை நீக்கிவிடும்.

அம்மா: நானும் இந்தக் குரூப்லதான் இருக்கேன்

பாபு: 🙈

ரவி: அம்மா, தூங்கலயா

அம்மா: கமலா நம்பர்ல யாரும் கை வைக்காதீங்க. போறப்ப போகட்டும். பேப்பரை நிறுத்த வேண்டாம், பணம் நான் கட்டிக்கிறேன். சாவி வேணும்னா அந்தப் பையன் என்கிட்ட வந்து கேக்கட்டும். செல்விக்கு எதுக்கு போன்

செல்வி: வந்து கேட்டா குடுப்பீங்களா?

அம்மா: முதல்ல வரட்டும்

சித்தி: அக்கா, நான் வந்து கொஞ்ச நாள் இருக்கவா? இடமிருந்து வலம் நான் போடறேன்

அம்மா: உனக்கு லகரம் ளகரம் தெரியாது

சித்தி: வரவா வேணாமா

அம்மா: தையல் மெஷினுக்குத்தானே வரே

பாபு: 😂😂

செல்வி: சித்தி, வரதா இருந்தா சனிக்கிழமையே வந்துடுங்க. அந்தப் பையன் வரப்ப யாராவது கூட இருக்கணும்

சித்தி: பாபு கார் எடுத்தா வரேன்

பாபு: சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கே

மூர்த்தி மாமா: மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. வளர்த்த நாய், பூனையை இழந்தவர்களும் அந்தத் துக்கப் பட்டியலில் வருவதில்லை.

செல்வி: மாமா, சனிக்கிழமை நீங்க கார் எடுப்பீங்களா?