நெய்ச்சாளையா, லெமுருவா? அடையாளம் காண உதவுங்கள்

பாக் நீரிணையில் பிடித்த சாளை. திட்ட நீளம் (மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரை) 12 செ.மீ. இடுப்புத் துடுப்பில் 9 கதிர்கள் இருப்பதால் சூடை வகைகள் கிடையாது, அவற்றுக்கு 8தான். மிஞ்சுவது நெய்ச்சாளை எனும் சார்டினெல்லா லாங்கிசெப்ஸும், அதன் உறவான சார்டினெல்லா லெமுருவும்.

முதல் செவுள் வளைவின் கீழ்ப்பாதியில், சீப்புப் பல் மாதிரி இருக்கும் வடிமுட்கள் 155. லாங்கிசெப்ஸுக்கு 150–253, லெமுருவுக்கு 77–188. ரெண்டுக்கும் பொருந்தி வம்பு பண்ணுகிறது. மீன் வளர வளர இந்த எண்ணிக்கை கூடும், அதனால் சிறிய மீனில் இதை மட்டும் நம்ப முடியாது. தலை நீளம் திட்ட நீளத்தில் 29%. லாங்கிசெப்ஸ் 29–35, லெமுரு 26–29. சரியாக எல்லைக்கோட்டில்! லெமுரு இந்தோனேசியாவின் பாலி நீரிணைப் பக்கத்து மீன் என்பதற்காக மட்டும் ஒதுக்க மனமில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

வளைவின் முனையில், மேல்-கீழ் சேருமிடத்தில் இருக்கும் முள்ளைக் கீழ்ப்பாதியோடு எண்ணுகிறீர்களா? அளந்தது 10% ஃபார்மலினில் கிடந்த மீன்; உடல் சுருங்கியதில் விகிதம் எவ்வளவு மாறும்? செவுள் மூடி ஓரத்துக் கரும்புள்ளி தெரிகிறது, பொன்னிறக் கோடு போய்விட்டது.

ஃபார்மலினுக்கு முன்பே வெட்டிய தசைத்துண்டு 95% எத்தனாலில் இருக்கிறது. இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ (COI) மரபணுவின் வரிசை பார்க்க வழி இருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாங்க.